வாள் படத்தை மட்டும் கத்தரித்து வைத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள மாங்கா வாசகத் தம்பி தங்கைகளுக்கு,

அந்தப் படம் உங்களில் பலரிடம் இருக்கிறது. முடி கலைந்து காற்றில் பறக்க, முகத்தில் ரத்தத் தெறிப்போடு, வாள் ஏந்தி நிற்கும் ஒருவன். அலைபேசியின் முகப்பில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், ஜிம்மில் எடுத்த அரை நிமிட ரீலின் பின்னணியில் அவன் நிற்கிறான். கீழே இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். வலியைப் பொறு, தனியாக நில், யாரையும் நம்பாதே, எல்லோரையும் ஜெயி என்கிற தொனியில். முடிவில் மியாமோட்டோ முசாஷி என்று பெயர் போட்டிருக்கும். அப்படிச் சுற்றிவரும் வரிகளில் பல, முசாஷி எழுதிய எதிலும் இல்லாதவை.

படம் மட்டும் உண்மையானது. டகேஹிகோ இனோவே வரைந்த 'வேகபாண்ட்' மாங்காவிலிருந்து எடுத்தது. அதை நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பது புரியாத புதிரும் அல்ல. தேர்வு கைவிட்ட வருடத்தில், வேலை கிடைக்காத மாதங்களில், நாலு பேர் முன்னால் சிறுமைப்பட்ட ஒரு மாலையில், நிமிர்ந்து நிற்கும் ஒருவனின் முகம் பெரிய ஆறுதல். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி இந்த மடல் வரவில்லை. அந்தக் கட்டத்தைக் கத்தரித்த இடத்துக்கு அப்பால் கதை எங்கே போகிறது என்று சொல்லத்தான் வருகிறது. ஏனென்றால், அவன் பின்னால் அந்த வாளைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கிறான். அந்தப் பக்கங்களை யாரும் ரீலாகப் போடுவதில்லை.

படிக்க வசதியாக ஒன்று. கதையில் வரும் முசாஷியை இந்த மடல் 'அவன்' என்கிறது. வரலாற்றில் வாழ்ந்து 1645இல் மறைந்த முசாஷியை 'அவர்' என்கிறது. இரண்டு பேரும் ஒருவரல்லர். ஆனால் கடைசியில் இருவரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்கள்.

இனோவேயிலிருந்து தொடங்கலாம். அவர் 1967இல் ககோஷிமா மாநிலத்தில் பிறந்தவர். சாமுராய்க் கதைக்கு வருமுன் 1990 முதல் 1996 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கதையை வரைந்தார். நட்பு, உழைப்பு, வெற்றி என்ற மூன்று சொற்களைத் தாரக மந்திரமாகக் கொண்ட இதழ் அது. 31 தொகுதிகள் ஓடிய அந்தக் கதை எப்படி முடிகிறது என்று நினைவிருக்கிறதா? நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் சன்னோ அணியை ஷோஹோகு பள்ளி வீழ்த்துகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த அந்த ஆட்டத்துக்கு அடுத்த சுற்றில், சக்தியெல்லாம் வற்றிப்போய் படுதோல்வி அடைந்து வெளியேறுகிறது. அந்தத் தோல்வியை இனோவே ஆட்டமாக வரையவே இல்லை, போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். நாயகன் சகுராகி முதுகில் அடிபட்டுக் கடற்கரையோரம் சிகிச்சையில் இருக்கிறான். வெற்றியை மந்திரமாக வைத்திருந்த இதழிலேயே தன் கதையை இப்படி முடிக்கத் துணிந்த மனிதர்தான், இரண்டே ஆண்டு கழித்து 1998இல், கோதன்ஷாவின் 'மார்னிங்' இதழில் முசாஷியின் கதையைத் தொடங்கினார்.

அடிப்படை அவருடையது அல்ல. எய்ஜி யோஷிகாவா 1935 முதல் 1939 வரை 'ஆசாஹி ஷிம்புன்' நாளிதழில் எழுதிய 'முசாஷி' தொடர்கதை அது. ஜப்பானில் முசாஷி என்றதும் சாதாரண மக்கள் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் அந்த நாவல் செதுக்கியதுதான். இனோவே அதை எடுத்துக்கொண்டு தன் போக்கில் போனார். 2000இல் கோதன்ஷா மாங்கா விருதும், 2002இல் தெசுகா ஒஸாமு கலாச்சாரப் பெரும்பரிசும் வந்தன. பேனாவில் தொடங்கிய கதை பாதி வழியில் தூரிகைக்கு மாறியது.

முதல் பக்கங்கள் 1600ஆம் ஆண்டு, செகிகஹாரா போர்க்களம். பிணங்களுக்கு நடுவில் இரண்டு பதினேழு வயதுப் பையன்கள் கிடக்கிறார்கள். ஒருவன் டகேசோ, மற்றவன் மட்டஹாச்சி. பெயர் வாங்க வந்தவர்கள், தோற்ற பக்கத்தில் சேர்ந்ததால் நாடோடிகளாகிறார்கள். டகேசோ ஊர் திரும்புகிறான். ஊரே அவனை வேட்டையாடுகிறது. டகுவான் என்ற துறவி அவனைப் பிடித்து, ஆயிரம் ஆண்டு பழைய மரம் என்று ஊரார் சொல்லும் தேவதாரு மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார். அங்கேதான் அவனுக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது. டகேசோ என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளை முசாஷி என்றும் வாசிக்கலாம். எழுத்து மாறவில்லை, வாசிக்கும் விதம்தான் மாறியது. அந்த மனிதனை வேறு விதமாக வாசிக்க முடியும் என்று முதலில் கண்டவர் டகுவான்.

அதன்பிறகு வருவது உங்களுக்குப் பழக்கமான பகுதி. சூரியனுக்குக் கீழே நிகரில்லாதவன் ஆவது என்ற ஒரே வெறி. ஒரு தற்காப்புப் பள்ளி விட்டால் இன்னொன்று. நாராவின் ஹோசோயின் மடத்தில் இன்ஷுன் என்ற ஈட்டி வீரனிடம் முதல் முறை மோதும்போது, அவன் உடல் அவன் சொல்லைக் கேட்க மறுக்கிறது. பயந்து ஓடுகிறான். ஆம், ரீலில் வரும் அதே முசாஷிதான் ஓடுகிறான். பிறகு மலையில் ஒரு கிழவரிடம் தங்கி, தன் பயத்தோடு பேசப் பழகி, திரும்பி வந்து வெல்கிறான். ஆனால் அந்தப் பகுதியில் மனத்தில் தங்குவது வெற்றி அல்ல. இன்ஷுனும் சிறுவயதில் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு குழந்தை என்பது வெளிப்படும் இடம்தான் தங்குகிறது. ஈட்டிக்குப் பின்னால் இருந்த முகத்தை அப்போதுதான் வாசகரும் பார்க்கிறார், முசாஷியும் பார்க்கிறான்.

பார்ப்பது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

டகுவான் சோஹோ கதைக்காகப் பிறந்தவர் அல்லர். 1573 முதல் 1645 வரை வாழ்ந்த ஜென் துறவி. வாள் ஆசிரியர் யாக்யூ முனெனோரிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று நூலாகவே நிலைத்திருக்கிறது. மரத்தின் ஒரு சிவந்த இலையில் மனம் நின்றுவிட்டால் மற்ற இலைகள் கண்ணில் படாது என்பது அதில் வரும் விளக்கம். வாள் சண்டையிலும் அப்படித்தான். எதிரியின் வாள் நுனியில் மனம் ஒட்டிக்கொண்டால் ஆளே தெரியமாட்டான். இந்தக் கருத்தை இனோவே கதைக்குள் டகுவானின் வாய் வழியாகவே முசாஷிக்குச் சொல்லவைக்கிறார். கேட்டதும் புரிந்ததுபோல் இருக்கிறது அவனுக்கு. உண்மையில் புரிவதற்கு இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் ஆகின்றன.

அதற்கு நடுவே, பார்வை என்றால் என்ன என்று காட்டும் ஓர் இடம் இருக்கிறது. யோஷிகாவாவின் நாவலிலிருந்தே வரும் காட்சி. யாக்யூ செகிஷூசாய் என்ற முதிய வாள் ஆசான், தன்னிடம் மோத வந்த யோஷியோகா டென்ஷிசிரோவுக்குச் சண்டையைத் தவிர்த்து ஒரு பியோனிப் பூவைக் கொடுத்தனுப்புகிறார். பெரிய வாள் பள்ளியில் பிறந்த டென்ஷிசிரோவுக்கு அது வெறும் பூ. அவமானமாக எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறான். அதே பூ கைமாறி முசாஷியிடம் வருகிறது. அவன் இதழைப் பார்க்கவில்லை. காம்பின் அடியைப் பார்க்கிறான். கத்தரியில் வெட்டினால் காம்பு நசுங்கியிருக்கும். இது ஈரமான, வழவழப்பான ஒற்றைச் சாய்வு. வாளால் வெட்டியது, அதுவும் சாதாரணக் கை வெட்டியதல்ல. ஒரு விரல் நீளக் காம்பில் ஒரு மனிதனின் ஆயுட்காலப் பயிற்சி தெரிகிறது. தெரிந்ததும் அவன் என்ன செய்கிறான்? அந்தக் கிழவரை வீழ்த்தக் கிளம்புகிறான். இத்தனை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, பார்த்ததை வைத்து வேறு என்ன செய்வது என்று அந்த வயதில் தெரியவில்லை.

இரவில் மதில் தாண்டி, சீடர்களைக் கடந்து, கிழவரின் படுக்கை வரை வருகிறான். நோயுற்ற உடம்பு, தளர்ந்த தோல். கொல்லலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. முடியவில்லை. நிகரில்லாதவன் என்பது வெறும் ஒரு வார்த்தைதான் என்ற பொருளில் அந்த முதியவர் அவனுக்கு உணர்த்துவது, வாள் வீச்சை விட ஆழமாக இறங்குகிறது. அப்படி ஒரு பட்டத்தை யார் கொடுப்பது, அதை வாங்கி எங்கே வைப்பது? பதிலே இல்லாத கேள்வியைத் துரத்தித்தான் இத்தனை தூரம் ஓடி வந்திருக்கிறான்.

இதன் பிறகும் அவன் மாறவில்லை. இது முக்கியம். ஓர் அறிவுரையில், ஓர் ஆசானின் ஒரு சொல்லில் மனிதன் மாறிவிடுவதாக இனோவே ஒருபோதும் பொய் சொல்வதில்லை. புரிந்துகொண்ட பிறகும் அதே தவறுக்கே திரும்புகிறோம் இல்லையா, அதைத்தான் அவர் வரைகிறார். கியோட்டோவில் யோஷியோகா செய்ஜூரோ முசாஷியின் வாளில் விழுகிறான். தம்பி டென்ஷிசிரோவும் விழுகிறான். பிறகு அந்தப் பள்ளியின் 70 சீடர்கள் ஒன்றாகக் காத்திருக்கிறார்கள். தப்பிப்போக வழி இருந்தும் முசாஷி அவர்களை நோக்கி நடக்கிறான். நீங்கள் வைத்திருக்கும் ரத்தம் தெறித்த படங்களில் பல இங்கிருந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

அந்தச் சண்டையை ஒருமுறை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். பக்கம் பக்கமாக வெட்டு. ஆனால் விழுகிறவர்களுக்கு முகம் இருக்கிறது. பயம் இருக்கிறது, அண்ணன் தம்பி உறவு இருக்கிறது, நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்ட நினைவு இருக்கிறது. படிப்பவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் கொண்டாட முடியாமல் போகிறது. முடிவில் முசாஷியின் காலில் ஆழமான காயம். இனி பழையபடி வாள் வீசி நடப்பானா என்பதே சந்தேகம். வெளியே ஊர் அவன் பெயரைச் சொல்லி வியக்கிறது. உள்ளே அவன் உட்கார்ந்து, தான் இத்தனை நாள் சுற்றிவந்தது கொலைக்கு மேல் கொலை அடுக்கிய ஒரு சுழல் என்று காண்கிறான். ஒருவனை வென்றால் அவனுக்காக இன்னொருவன் வருகிறான். மேலே ஏறுவதுபோல் இருக்கும், ஆனால் நின்ற இடத்திலேயே சுற்றல்.

இதே கதையில் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று எல்லோரும் ஒதுக்கும் ஒருவன் இருக்கிறான். செகிகஹாராவில் கூடவே கிடந்த மட்டஹாச்சி. பொய்யன், குடிகாரன். சசாகி கோஜிரோ என்ற பெரிய வீரனின் பெயரைத் திருடிக்கொண்டு ஊர் ஊராக ஏமாற்றித் திரிகிறவன். அவன் படத்தை யாரும் ஸ்டேட்டஸாக வைக்கமாட்டார்கள். ஆனால் நோயில் விழுந்த தன் தாய் ஓசுகியை முதுகில் சுமந்துகொண்டு ஊருக்கு நடக்கிறானே, அந்தப் பக்கங்களில் அவன் தாயிடம் தன் பொய்களை ஒப்புக்கொள்கிறான். எழுபது பேரை எதிர்கொள்ள வேண்டிய நெஞ்சுரமும், பெற்ற தாயின் முன் 'அத்தனையும் பொய்யம்மா' என்று சொல்ல வேண்டிய நெஞ்சுரமும் ஒரே தராசில் ஏறும் இடம் அது. இனோவே எந்தப் பக்கம் தாழ்கிறது என்று சொல்லவில்லை. இந்த மடலுக்கு அதில் சந்தேகம் இல்லை. முதுகில் தாயைச் சுமந்தவன் பக்கம்தான் தாழ்கிறது.

இனி மண்வெட்டிக்கு வரலாம்.

யோஷிகாவாவின் நாவலிலும் முசாஷி தரிசு நிலம் ஒன்றை உழுகிறான். நீண்ட கதையில் சிறு பகுதி அது. இனோவே அதை எடுத்துக் கிட்டத்தட்ட கடைசித் தொகுதிகள் முழுவதும் விரித்தார். தகப்பனை இழந்த இயோரி என்ற சிறுவன், எதுவும் விளையாது என்று ஊரே கைவிட்ட நிலம், பக்கத்தில் கரை தாண்டும் ஆறு. முசாஷி அங்கே தங்கி வெட்டத் தொடங்குகிறான். ஊராருக்கு அவன் பைத்தியக்காரன். முதலில் அவன் நிலத்தையும் எதிரியாகத்தான் பார்க்கிறான். மண்வெட்டியை ஓங்குவதில் வாள்காரனின் உடம்பு தெரிகிறது. நிலம் தோற்பதில்லை. மண் என்பது வென்றுவிட்டு நகரக்கூடிய ஆள் இல்லை. மழை வருகிறது, ஆறு பொங்குகிறது, வெட்டியதெல்லாம் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போகிறது. மறுநாள் காலை திரும்பவும் முதலிலிருந்து.

இந்தப் பக்கங்களில் எதிரி இல்லை. பேச்சும் குறைவு. குனிந்த முதுகு, சேறு ஒட்டிய கணுக்கால், கல் பொறுக்கும் விரல்கள், வானத்தைப் பார்க்கும் கிழவர்கள். தூரிகைக் கோட்டில் வரையப்பட்ட தண்ணீர் எந்தப் பக்கம் ஓட விரும்புகிறது என்று அவன் குந்தி உட்கார்ந்து கவனிக்கிறான். எழுபது பேரின் வாள் எந்தப் பக்கம் வரும் என்று கவனித்த அதே கண். இப்போது கவனிப்பது வாய்க்காலின் சரிவை. உழவு தெரிந்த ஒரு முதியவரிடம் கைகட்டி நின்று கற்றுக்கொள்கிறான். நாடறிந்த வாள்வீரனுக்கு ஒரு நாற்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

பிறகு பஞ்சம் வருகிறது. குளிர்காலத்தில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முசாஷியும் எலும்பும் தோலுமாகிறான். இந்த இடத்தில்தான் அவன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்கிறான். இத்தனை நாள் தன்னைத் தங்கள் பிரபுவிடம் சேர்க்கத் தேடிவந்த அதிகாரத்தின் முன்னால் போய் மண்டியிட்டு, ஊருக்குச் சோறு கேட்கிறான். யாருக்கும் தலைவணங்கமாட்டேன் என்று திரிந்த பையன். தனக்காக என்றால் இன்னும் வணங்கியிருக்கமாட்டான்.

சாமுராய் என்ற சொல்லே ஜப்பானிய மொழியில் பக்கத்தில் இருந்து பணிசெய்வது என்ற பொருளுள்ள 'சபுராவு' என்ற வினையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அது பிரபுவுக்குச் செய்யும் பணி. பசித்த ஓர் ஊருக்கு அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது இந்தக் கதை.

இதெல்லாம் இனோவேயின் கற்பனை, உண்மையான முசாஷி வாளோடு வாழ்ந்து வாளோடு போனவர் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அவர் எழுதியதையே பார்க்கலாம். 1643இல், குமாமோட்டோவுக்கு அருகே ரெய்கன்டோ என்ற குகையில் உட்கார்ந்து 'கோ ரின் நோ ஷோ' என்ற ஐந்து வளைய நூலைத் தொடங்கினார். 1645இல், இறப்பதற்குச் சில நாள் முன்பு அது சீடரின் கைக்குப் போனது. அதன் முன்னுரையில், 13 வயதில் முதல் சண்டை, 29 வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றிலும் தோற்கவில்லை என்கிறார். ரீல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்தாற்போல் அவர் சொல்வதுதான் விஷயம். முப்பது வயதில் திரும்பிப் பார்த்தபோது, தான் வென்றது கலையில் தேர்ந்ததால் அல்ல என்று தோன்றியதாம். இயல்பான வேகமாக இருக்கலாம், எதிராளியின் குறையாக இருக்கலாம் என்கிறார். அதற்குப் பிறகு ஐம்பது வயது வரை காலையும் மாலையும் பயின்றதாக எழுதுகிறார். அறுபது வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு, இது போதாது என்று இருபது ஆண்டு திரும்பவும் மாணவராக இருந்த ஆள் அவர்.

அதே நூலில் பார்வையை இரண்டாகப் பிரிக்கிறார். கண்ணுக்குப் படுவதைப் பார்ப்பது ஒன்று, உள்ளிருப்பதைக் காண்பது மற்றொன்று. இரண்டாவது வலுவாக இருக்க வேண்டும், முதலாவது மெலிந்திருக்க வேண்டும் என்கிறார். வலிமை என்ற சொல்லை அவர் கையோடு சேர்க்கவில்லை, கண்ணோடு சேர்த்தார். போர்க்கலைக்கு அவர் சொல்லும் உவமையும் தச்சர்தான். எந்த மரம் தூணுக்கு ஆகும், எது கதவுக்கு ஆகும், கோணலும் முடிச்சும் உள்ள வலுவான மரத்தை எங்கே போடலாம், எந்த வேலையாளுக்கு எது வரும் என்று தெரிந்த தச்சர்.

1638இல் ஷிமாபாரா கிளர்ச்சியை அடக்கப்போன படையில் முசாஷியும் இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது இருக்கும். கோட்டைமீதிருந்து விவசாயிகள் உருட்டிவிட்ட கல் காலில் பட்டு அடிபட்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அறுபது வாள்களால் முடியாததைப் பசித்த மக்களின் ஒரு கல் செய்தது. அதை மறைக்காமல் எழுதி அனுப்பினாரே, அந்த நேர்மையும் அவருடைய வலிமைக் கணக்கில் சேரவேண்டியது.

முசாஷி ஒருவரோடு இது நின்றுவிடவில்லை. சாமுராய் மாங்காவின் நல்ல படைப்புகளைப் பிரித்துப் பார்த்தால், வாளின் கூர்மையைப் பற்றி அவை பேசுவது குறைவு. ஒஸாமு தெசுகா 1967இல் தொடங்கிய 'டொரொரோ'வில், பெற்ற தகப்பன் அதிகார ஆசையில் தன் குழந்தையின் 48 உறுப்புகளை 48 பேய்களுக்குப் பலி கொடுத்துவிடுகிறான். அந்தக் குழந்தை ஹியக்கிமாரு வளர்ந்து, ஒவ்வொரு பேயாகக் கொன்று ஒவ்வோர் உறுப்பாக மீட்கிறான். அவனுடைய பொய்க் கைகளுக்குள் வாள்கள் இருக்கின்றன. கை திரும்பக் கிடைத்தால் வாள் போய்விடும் என்பதை யோசித்துப் பாருங்கள். 2019இல் வந்த அனிமே வடிவில், செவி திரும்பியதும் அவன் உலகத்தின் இரைச்சல் தாங்காமல் துவண்டுபோகிறான். மனிதனாக ஆக ஆக அவன் அடிபடக்கூடியவனாகிறான். அந்தப் பாதையைத்தான் அவன் விரும்பிப் போகிறான்.

ஹிரோவாகி சமுரா 1993 முதல் 2012 வரை 30 தொகுதிகளில் வரைந்த 'அழிவற்றவனின் வாள்' கதையில் நாயகன் மன்ஜிக்குச் சாவே கிடையாது. வெட்டுப்பட்டாலும் உடம்பு சேர்ந்துகொள்ளும். விளைவு, வாள் வித்தையில் அவன் மந்தமாகிவிடுகிறான். சாவோம் என்ற பயம் இல்லாதவனுக்குக் கவனம் எதற்கு?

கஸுவோ கொய்கே எழுத, கோசெகி கொஜிமா வரைந்த 'தனி ஓநாயும் குட்டியும்' 1970 முதல் 1976 வரை வந்தது. பழிவாங்கப் புறப்பட்ட ஓகாமி இட்டோ, மகன் டைகோரோவை மரத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிறான். உலகமெங்கும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த வண்டியை. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1964இல் தொடங்கிய 'காரோ' இதழில் சன்பெய் ஷிராடோ 'கமுய்டென்' வரைந்தார். அந்தக் கதைக்கு இடம் கொடுக்கவே தொடங்கப்பட்ட இதழ் என்றே சொல்லலாம். அதில் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கமுய், உழவன் ஷோசுகே, ஒரு சாமுராய் என மூவரின் வாழ்க்கை பின்னிக்கிடக்கிறது. பட்டு, பருத்தி, எரு, வரி என்று உழவரின் உழைப்பைப் பக்கம் பக்கமாக வரைந்தார் ஷிராடோ. அறுபதுகளின் மாணவர் போராட்டத்தில் இருந்தவர்கள் அதைத் தேடித் தேடிப் படித்தார்கள். தனி வீரன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், சேர்ந்து நிற்கும் உழவரின் கனம் அவனுக்கு வராது என்று அந்தக் கதை காட்டியது. ஹிரோஷி ஹிராடாவின் 'சட்சுமா கிஷிடென்' இன்னும் நேரடி. 1754, 55 ஆண்டுகளில் கிசோ ஆற்று வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டும்படி சட்சுமா சாமுராய்களுக்கு ஷோகுன் அரசு ஆணையிட்டது உண்மை நிகழ்வு. வாள் பிடித்த கைகள் தங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் வந்து மண்ணும் கல்லும் சுமந்தன. நோயிலும், அவமானம் தாங்காமல் தன் கையாலும் பலர் மடிந்தார்கள்.

இனோவேக்கு வருவோம். 2008இல் டோக்கியோ உவேனோவில் 'கடைசி மாங்கா கண்காட்சி' என்று ஒன்று வைத்தார். அரங்கின் சுவர்களே பக்கங்கள். பார்ப்பவர்கள் நடந்தபடி முதிய முசாஷியின் கடைசி நேரத்தைப் படித்தார்கள். உடல்நலம் கெட்டு 2010இல் தொடரை நிறுத்தி, 2012இல் திரும்பி வந்து உழவுப் பகுதியை வரைந்தார். 2015 மே மாதத்தில் 327ஆம் அத்தியாயத்தோடு மீண்டும் நின்றது. 37 தொகுதிகள். 1612இல் கன்ரியூ தீவில் நடந்ததாகச் சொல்லப்படும் கோஜிரோவுடனான பெரும் சண்டை இன்னும் வரவில்லை. கோஜிரோவை இனோவே காது கேளாதவனாகப் படைத்தார்; சொற்கள் இல்லாத அவனுக்கு வாள்வீச்சுதான் பேச்சு. அந்த இருவரும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொள்ளும் பக்கத்தை எதிர்பார்த்து உலகம் காத்திருக்கிறது. கோபப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் நெல் விளைவித்து முடித்த ஒருவனை எப்படித் திரும்பவும் ஒருவனைக் கொல்ல அனுப்புவது என்ற கேள்வி வரைபவரின் கையில் எவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்தால், அந்த மௌனத்தைக் குறைசொல்லத் தோன்றுவதில்லை.

அதனால் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எடை தூக்குங்கள், ஓடுங்கள், உடம்பை வலுவாக வைத்திருங்கள். அது நல்லது. அந்த வாள் படமும் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு படத்தையும் வையுங்கள்: சேற்றில் குந்தி, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் முசாஷி. இரண்டுமே ஒரே ஆள்தான் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். நம்பமாட்டார்கள். தொகுதியைக் கையில் கொடுங்கள்.

முடிந்தால் இன்னொரு படத்தையும் தேடிப் பாருங்கள். வரலாற்று முசாஷி மையால் தீட்டியது, ஒசாகா மாநிலத்தின் இசுமி நகரில் குபோசோ நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் ஏறும் காய்ந்த கிளை, வாள் வீச்சு போன்ற கோடு. அதன் உச்சியில் ஒரு கீச்சான் குருவி. முதல் பார்வையில் அவ்வளவுதான். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். கிளையின் நடுவே, மிகச் சிறியதாக, ஒரு புழு மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
உங்களைப் போலவே 38ஆம் தொகுதிக்குக் காத்திருக்கும் ஒரு வாசகர்